பைதன் மொழியிற் பட்டியல்

மக்கள் வாழ்க்கையிற் பட்டியல் இல்லாத துறை யாதுமில்லை. பாடசாலையின் வரவு இடாப்பு ஒரு பட்டியல். வகுப்பறைச் சுவரிலே தொங்கும் நேரசூசி ஒரு பட்டியல். பரீட்சைப் புள்ளிகளைக் குறித்து வைக்கும் தாள் ஒரு பட்டியல். சங்கத்து அங்கத்தவரின் பெயரும் சந்தாவும் எழுதப்பெற்ற ஏடும் ஒரு பட்டியலே. சந்தைக்குச் செல்வோர் கையிற் கொண்டு செல்லும் சிறு துண்டும் இதன் பாற்படும். இவை எளிய பொருள்களாகத் தோன்றினும், மனிதர் பலரின் நன்மையும் தீமையும் இவற்றைச் சார்ந்தே நிற்கின்றன. இடாப்பிற் பெயர் விடுபட்ட மாணவன் வகுப்பில் இருந்தும் இல்லாதவன் ஆகின்றான். புள்ளி மாறி எழுதப்பட்டவன் கற்றும் தவறியவன் ஆகின்றான்.

முன்னாளில் இவ்வேடுகளெல்லாம் கையால் எழுதப்பட்டன. எழுதியவர் அறிவுள்ள மனிதராதலின், தமக்கிடப்பட்ட பணிப்பிற் சிறிது குழப்பமிருப்பினும் கருத்தை உணர்ந்து செம்மை செய்துகொண்டனர். இந்நாளிலோ பெரும்பாலான பட்டியல்கள் கணினியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. கணினி விரைந்து வேலை செய்யும், சோர்வறியாது, ஆயினும் சொல்லியதைச் செய்யுமேயன்றிக் கருதியதைச் செய்யாது. ஆதலின், பட்டியலைக் கணினிக்கு ஒப்புவிப்போர் தாம் சொல்வது யாது என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

தொடக்க மாணவருக்கு ஏற்றதெனப் பலராலும் கொள்ளப்படும் பைதன் என்னும் கணினி மொழியிற் பட்டியலைக் கையாளும் முறையினை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். அம்மொழியிற் பட்டியலைப்பற்றிய ஆணைகள் பல உள. அவற்றையெல்லாம் மனனஞ் செய்தல் வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆணையை இடும்போதும் ஒரு வினாவை மாத்திரம் கேட்டுக்கொள்ளுதல் போதும். அவ்வினா யாதெனின், “இச்செயல் இருக்கின்ற பட்டியலை மாற்றுகின்றதா, அன்றிப் புதியதொரு பட்டியலை ஆக்குகின்றதா?” என்பதாம். இவ்வினாவிற்கு விடை தெரிந்தவன் பெரும்பாலான பிழைகளினின்றும் தப்பிவிடுவான்.

பட்டியலின் வரலாறு

கணினி மொழிகளுக்குப் பட்டியல் தொடக்கத்திலேயே இயல்பாக அமைந்த பொருளன்று. 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோட்ரான் மொழியில் இலக்கங்களை வரிசையாக வைப்பதற்கு அணி என்னும் அமைப்பு இருந்தது. ஆனால், அவ்வணியின் அளவை முன்கூட்டியே கூறிவிடல் வேண்டும். எத்தனை பெயர் வருமென்று அறியாத இடத்து அது பெருந் தொல்லையாயிற்று. வேண்டியபோது நீளவும் குறுகவும் வல்ல பட்டியலை அலன் நியூவெல், கிளிப் ஷோ, ஹேர்பேட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் மூவரும் 1950களின் நடுப்பகுதியிலே தமது ஆராய்ச்சிக்கு ஆக்கிக்கொண்டனர். 1958 ஆம் ஆண்டில் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே ஜோன் மக்கார்த்தி என்பார் லிஸ்ப் என்னும் மொழியை வகுக்கத் தொடங்கினார். பட்டியலைக் கையாளுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர்.

பைதன் இவற்றிற்கு மிகவும் பிற்பட்டது. ஒல்லாந்து நாட்டினரான கைடோ வான் ரோசம், ஆம்ஸ்ரடாம் நகரிலுள்ள கணித, கணினியியல் ஆய்வு நிலையத்திற் பணிபுரிந்த காலத்தில், 1989 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே இதனை ஆக்கத் தொடங்கி, 1991 ஆம் ஆண்டு பெப்ருவரியில் வெளியிட்டார். அவ்வாய்வு நிலையத்திலே தொடக்க மாணவருக்காக முன்னர் ஆக்கப்பட்ட ஏபிசி என்னும் மொழியின் ஆக்கத்திலும் அவர் ஈடுபட்டிருந்தவர். அதன் நற்பண்புகள் பல பைதனிற் புகுந்தன. பைதன் என்னும் பெயரைக் கேட்டு மலைப்பாம்பை நினைப்பாருளர். அஃது உண்மையில் பி.பி.சி. நிறுவனத்தார் ஒளிபரப்பிய ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. எமது நாட்டிற் க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் இம்மொழியே மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றது.

2008 ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த இம்மொழியின் மூன்றாம் பதிப்புத் தொடக்கம், நாம் இடும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே எழுதலாம் என்பது தமிழ் மாணவர் அறியவேண்டியதொன்று. ஆணைச் சொற்களை மாத்திரம் உரோம எழுத்தில் இடல் வேண்டும். இக்கட்டுரையில் அவ்வாணைகள் ஒலிப்புப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன.

பட்டியலை ஆக்குதலும் எண்ணுதலும்

நான்கு மாணவரின் புள்ளிகளைப் பட்டியலாக்குதல் பின்வருமாறு:

புள்ளிகள் = [72, 35, 28, 60]

சதுர அடைப்பினுள்ளே காற்புள்ளியிட்டுப் பொருள்களை நிறுத்துதலே பட்டியலாம். இலக்கங்களை மாத்திரமன்றிப் பெயர்களையும், பிற பட்டியல்களையும் அதனுள் வைக்கலாம். லிஸ்ப் மொழியின் பட்டியல் ஒன்றையொன்று பற்றிய சங்கிலி போன்றது. பைதனின் பட்டியலோ வரிசையாக அமைந்த இலாச்சிகளைப் போன்றது. எந்த இலாச்சியையும் அதன் எண்ணைக் கூறி உடனே திறக்கலாம். அவ்வெண்ணைச் சுட்டி என்பர்.

இங்கே தொடக்க மாணவர் திகைப்பதொன்றுண்டு. சுட்டி 1 இலிருந்து தொடங்குவதன்று. 0 இலிருந்து தொடங்குகின்றது. புள்ளிகள்[0] என்பது 72. புள்ளிகள்[1] என்பது 35. நான்காவது புள்ளியாகிய 60 இன் சுட்டி 3. இஃது யந்திரத்தின் பிடிவாதம்போலத் தோன்றும். சுட்டியை, “இத்தனையாவது” என்று கொள்ளாது, “தொடக்கத்திலிருந்து இத்தனை படி தள்ளி” என்று கொண்டால் மயக்கம் நீங்கும். முதலாவது பொருளை அடைவதற்கு ஒரு படியும் செல்லவேண்டியதில்லையாதலின் அதன் சுட்டி 0 ஆயிற்று. எட்ஸ்கர் டைக்ஸ்ரா என்னும் ஒல்லாந்து அறிஞர் 1982 ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சிறு குறிப்பிலே இம்முறையே சிறந்ததென வாதித்துள்ளார்.

பட்டியலின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதிலும் இதன் பயன் புலப்படும். புள்ளிகள்[1:3] என்றால், சுட்டி 1 இல் தொடங்கி, 3 ஐ எட்டுமுன் நிற்கவேண்டும் என்பது பொருள். கிடைப்பது [35, 28]. மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டு, பொருள்களும் இரண்டு. புள்ளிகள்[:2] என்பதும் புள்ளிகள்[2:] என்பதும் சேர்ந்தால் முழுப் பட்டியல்; ஒன்றும் இரட்டிக்கவில்லை, ஒன்றும் விடுபடவில்லை. இவ்வாறு வெட்டுதல் புதியதொரு பட்டியலை ஆக்குகின்றதே அன்றிப் பழைய பட்டியலைத் தொடுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்க.

பட்டியலில் இல்லாத சுட்டியைக் கேட்டால் பைதன் பிழையென்று கூறி நின்றுவிடும். ஆயின் புள்ளிகள்[-1] என்று கேட்டால் நில்லாது; கடைசிப் பொருளைத் தரும். -2 என்பது அதற்கு முந்தியது. இது வசதியானதே. எனினும் ஓர் இடர் இதிலுண்டு. இடாப்பிலுள்ள மாணவனின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துச் சுட்டியைப் பெறுதல் வழக்கம். யாரோ ஒருவர் தவறுதலாக 0 என்று எண்ணை இட்டுவிட்டால், சுட்டி -1 ஆகும். யந்திரம் யாதொரு முறைப்பாடுமின்றிக் கடைசி மாணவனின் புள்ளியை எடுத்துக் கொடுக்கும். பிழையென்று கூறி நிற்கும் யந்திரத்தினும், பிழையை மறைத்து விடை கூறும் யந்திரம் கொடியது. ஆதலின் எண்ணை வாங்கும் இடத்திலேயே அது 1 இற்குக் குறையாததா என்று சோதித்தல் நன்று.

கூட்டுதலும் நீக்குதலும்

பட்டியலின் இறுதியில் ஒரு பொருளைச் சேர்ப்பதற்கு அப்பென்ட் என்னும் ஆணை பயன்படும்.

புள்ளிகள்.அப்பென்ட்(55)

இப்பொழுது பட்டியல் [72, 35, 28, 60, 55]. எமது வினாவைக் கேட்போம்: இது மாற்றமா, ஆக்கமா? மாற்றமே. இருந்த பட்டியலே நீண்டது. குறித்த இடத்திற் புகுத்துவதற்கு இன்சேர்ட், குறித்த சுட்டியிலுள்ளதை எடுத்துக் கொடுப்பதற்குப் பொப், குறித்த பொருளைத் தேடி நீக்குவதற்கு ரிமூவ் என்பன உள. இவை யாவும் இருக்கின்ற பட்டியலையே மாற்றுவன. ரிமூவ் என்பது முதலிற் காணும் ஒன்றை மாத்திரமே நீக்கும். ஒரே பெயருடைய மாணவர் இருவர் இடாப்பில் இருப்பின், விலகிச் சென்றவர் யார் என்பதை அது அறியாது. முன்னிற்பவரின் பெயரையே நீக்கிவிடும். ஆதலாற் பெயரைக் கொண்டன்றிச் சேர்விலக்கத்தைக் கொண்டு நீக்குதலே முறை.

இறுதியிற் சேர்த்தல் யந்திரத்திற்கு மிக எளிது. வருங்காலத்தை எண்ணிப் பைதன் சில வெற்றிலாச்சிகளை முன்னரே ஒதுக்கி வைத்துக்கொள்ளும். தலைப்பிற் புகுத்துதலோ அத்தகையதன்று. ஆயிரம் பெயர் உள்ள பட்டியலின் தலைப்பில் ஒன்றைப் புகுத்தினால், ஆயிரமும் ஒவ்வோரிடம் தள்ளிச் செல்லல் வேண்டும். நிறைந்த வாங்கின் ஓரத்தில் ஒருவர் வந்திருந்து, எல்லாரையும் நகரச் சொல்வது போன்றது இது.

கூட்டற் குறியையும் பயன்படுத்தலாம். புள்ளிகள் + [55] என்பது புதியதொரு பட்டியலை ஆக்கும். பழையது அப்படியே இருக்கும். புள்ளிகள் += [55] என்பதோ பழையதையே நீட்டும். ஒரு சிறு குறியின் வேறுபாட்டால் ஆக்கம் மாற்றமாகிவிடுவதைக் காண்க.

ஒழுங்குபடுத்தல்

புள்ளிகளை ஏறுவரிசைப்படுத்துவதற்குப் பைதன் இரண்டு வழிகளைத் தந்துள்ளது. ஒன்று சோர்ட், மற்றையது சோர்ட்டெட். பெயரால் ஒத்த இவை செயலால் வேறானவை. புள்ளிகள்.சோர்ட்() என்பது இருக்கின்ற பட்டியலையே ஒழுங்குபடுத்தும். பழைய வரிசை அழிந்துவிடும். சோர்ட்டெட்(புள்ளிகள்) என்பது ஒழுங்குபட்ட புதிய பட்டியலைத் தந்து, பழையதைப் பழையபடியே விட்டுவிடும்.

இவ்வேறுபாட்டை அறியாதார் பெரும்பாலும் பின்வருமாறு எழுதுவர்:

புள்ளிகள் = புள்ளிகள்.சோர்ட்()

சோர்ட் என்பது பட்டியலை மாற்றுமேயன்றி யாதொன்றையும் திருப்பித் தாராது. “இன்மை” எனப் பொருள்படும் நன் என்பதையே தரும். ஆகவே, இவ்வரி நிறைவேறியதும் புள்ளிகள் என்னும் பெயர் இன்மையைச் சுட்டி நிற்கும். அப்பட்டியலுக்கு வேறு பெயர் இல்லையாயின் வகுப்பின் புள்ளிகள் முழுவதும் மறைந்துபோம். மாற்றும் ஆணைகள் பலவும் வெறுங்கையோடு திரும்புவன என்பதை நினைவில் இருத்துதல் நன்று.

2002 ஆம் ஆண்டில் ரிம் பீற்றர்ஸ் என்பார் பைதனுக்கென வகுத்த ஒழுங்குபடுத்தும் முறை ஒரு நற்பண்பு உடையது. சமமான இரண்டு பொருள்கள் முன்னர் நின்ற முறையே பின்னரும் நிற்கும். பெயர்வரிசையில் உள்ள மாணவரைப் புள்ளிவரிசையில் அமைத்தால், ஒரே புள்ளி பெற்றோர் தம்முட் பெயர்வரிசை மாறாது நிற்பர். தேர்ச்சிப் பட்டியல் ஆக்குவோருக்கு இது பேருதவியாம்.

பெயர் வேறு, பட்டியல் வேறு

இனி, இத்துறையில் யாவரையும் மயக்கும் பகுதிக்கு வருவோம். முதலாந் தவணைப் புள்ளிகளை வைத்துக்கொண்டு இரண்டாந் தவணைக்கு ஓர் ஏடு தொடங்க விரும்புகின்றோம். அதன்பொருட்டு,

முதற்றவணை = [72, 35, 28, 60]
இரண்டாந்தவணை = முதற்றவணை
இரண்டாந்தவணை[1] = 48

என்று எழுதுகின்றோம். இரண்டாவது மாணவன் இத்தவணையில் முன்னேறி 48 புள்ளி பெற்றிருக்கின்றான். ஆயின் முதற்றவணையை எடுத்துப் பார்த்தால், அதுவும் [72, 48, 28, 60] என்றே இருக்கும். அவன் பெற்ற 35 எங்குமில்லை. அவனது முன்னேற்றத்திற்குச் சான்றுமில்லை.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? சமக்குறி பட்டியலை மாற்றுவதுமன்று, ஆக்குவதுமன்று. அது பெயரிடுதல் மாத்திரமே. பைதனிற் பெயர் என்பது பொருளை உள்ளே வைத்த பெட்டியன்று. பொருளின்மேற் கட்டிய சீட்டுப் போன்றது. ஒருவரையே வீட்டில் ஒரு பெயராலும் பாடசாலையில் வேறொரு பெயராலும் அழைப்பதுண்டு. பெயர் இரண்டாயினும் ஆள் ஒருவரே. அவ்வாறே இங்கு பெயர் இரண்டு, பட்டியல் ஒன்று. ஒரு பெயரால் அழைத்துச் செய்த மாற்றம் மற்றப் பெயரால் அழைக்கும்போதும் தோன்றுதல் இயல்பே.

வேறு பட்டியல் வேண்டுமாயின் அதனை வெளிப்படையாகக் கேட்டல் வேண்டும். முதற்றவணை.கொப்பி() என்பது அவ்வாறு புதியதை ஆக்கித் தரும். முதற்றவணை[:] என்று முழுவதையும் வெட்டி எடுப்பினும் அதுவே பயன்.

பட்டியலுட் பட்டியல் வைக்குமிடத்து இம்மயக்கம் இரட்டிக்கும். வாரத்திற்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டுப் பாடவேளை கொண்ட நேரசூசியை,

நேரசூசி = [[""] * 8] * 5

என்று ஆக்கினால், ஐந்து வரிகள் கிடைத்தனபோலத் தோன்றும். திங்கட்கிழமை முதலாம் பாடவேளையில் “தமிழ்” என்று எழுதுக: நேரசூசி[0][0] = "தமிழ்". உடனே செவ்வாய் முதல் வெள்ளிவரை எல்லா நாளும் முதலாம் பாடவேளை தமிழாகிவிடும். தமிழாசிரியர் மகிழக்கூடும், ஏனையோர் மகிழார். உண்மையில் ஆக்கப்பட்ட வரி ஒன்றே. ஐந்து இலாச்சிகளிலும் அவ்வொன்றையே சுட்டும் சீட்டுகள் வைக்கப்பட்டுள்ளன. நாள்தோறும் தனித்தனி வரி வேண்டுமாயின்,

நேரசூசி = [[""] * 8 ஃபோர் நாள் இன் ரேஞ்ச்(5)]

என்று எழுதுதல் வேண்டும். இங்கு ஒவ்வொரு நாளுக்கும் எட்டிடமுள்ள வரி புதிதாக ஆக்கப்படுகின்றது. கொப்பி என்னும் ஆணையும் வெளிப் பட்டியலை மாத்திரமே படியெடுக்கும். உள்ளிருக்கும் பட்டியல்கள் பொதுவாகவே நிற்கும். அடிவரை படியெடுப்பதற்கு டீப்கொப்பி என்னும் வேறோர் ஆணை உண்டு.

நடந்துகொண்டே நீக்குதல்

பட்டியலிலுள்ள ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு செயலைச் செய்வதற்கு ஃபோர் என்னும் சுழற்சி பயன்படும். சங்கமொன்று தன் விழாவிற்குப் பழைய மாணவரை அழைக்க விரும்புகின்றது எனக் கொள்வோம்.

அழைக்கவேண்டியோர் = ["அருளன்", "குமரன்", "சேந்தன்", "முருகன்"]

ஒவ்வொருவராக எடுத்து, அழைப்பிதழை அனுப்பி, அனுப்பியவுடன் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி செயலாளர் கணினியைப் பணிக்கின்றார். நியாயமான பணிப்பே. ஆனால், அழைப்பிதழ் சென்றது அருளனுக்கும் சேந்தனுக்குமே. குமரனும் முருகனும் அழைக்கப்படவில்லை.

காரணம் இது: சுழற்சி சுட்டியை எண்ணிக்கொண்டு நடக்கின்றது. சுட்டி 0 இல் அருளன். அவர் பெயர் நீக்கப்பட்டதும் குமரன் முன்னகர்ந்து 0 ஆம் இடத்திற்கு வந்துவிட்டார். சுழற்சியோ அடுத்து 1 ஆம் இடத்திற்குச் செல்கின்றது. அங்கே நிற்பவர் சேந்தன். அவரை நீக்கியதும் பட்டியலில் எஞ்சியவர் குமரனும் முருகனும் ஆகிய இருவரே. சுழற்சி 2 ஆம் இடத்தைத் தேடுகின்றது, அஃது இல்லை, வேலை முடிந்ததென்று நின்றுவிடுகின்றது. பிழையென்று ஓர் எச்சரிக்கையும் இல்லை. நானூறு பெயர் இருந்திருப்பின் இருநூறு பேர் அழைப்பின்றி இருந்திருப்பர். சங்கம் தம்மை மறந்ததென்று மனம் நொந்துமிருப்பர்.

நடக்கும் பாலத்தின் பலகையை நடந்துகொண்டே கழற்றலாகாது. இத்தகைய இடத்தில் மாற்றத்தைக் கைவிட்டு ஆக்கத்தை நாடுதலே அறிவுடைமை. பழைய பட்டியலைத் தொடாது, வேண்டியவற்றைக் கொண்டு புதியதை ஆக்குக. நாற்பதும் அதற்கு மேலும் பெற்றோரின் புள்ளிகளைத் தெரிவதற்கு,

தேறியவை = [பு ஃபோர் பு இன் புள்ளிகள் இஃப் பு >= 40]

என்று ஒரே வரியில் எழுதலாம். புள்ளிகளிலுள்ள ஒவ்வொரு பு என்பதையும் எடுத்து, அது நாற்பதிற்குக் குறையாததாயின் கொள்க என்பது இதன் பொருள். கணிதத்திற் கணங்களை வரையறுக்கும் முறையைப் பயின்றோர்க்கு இது புதியதன்று. ஹாஸ்கெல் என்னும் மொழியிலிருந்து பெறப்பட்ட இவ்வமைப்பு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த பைதனின் இரண்டாம் பதிப்பிற் சேர்ந்தது.

தமிழ்ப் பெயர்களின் ஒழுங்கு

இறுதியாகத் தமிழருக்குரிய ஒரு செய்தியையும் கூறுதல் தகும். கமலம், கனகம், நவமணி, நளினி என்னும் நான்கு பெயர்களையும் ஒரு பட்டியலாக்கிச் சோர்ட் என்று பணித்தால் வரும் வரிசை யாது?

["கனகம்", "கமலம்", "நளினி", "நவமணி"]

தமிழ் நெடுங்கணக்கை அறிந்தோர் இதனை ஒப்பார். மகரத்திற்குப் பின்னரே னகரம்; தொல்காப்பியமும் னகரத்தையே இறுதியாக வைத்தது. வகரத்திற்குப் பின்னரே ளகரம். ஆதலின் கமலம் முன்னும் கனகம் பின்னும், நவமணி முன்னும் நளினி பின்னும் வருதலே முறை. யந்திரம் தவறிழைத்ததா எனின், அன்று. கணினியில் ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் இலக்கம் உண்டு. பைதன் அவ்விலக்கங்களையே ஒப்பிடுகின்றது. 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியிலே தமிழெழுத்துகள், 1988 ஆம் ஆண்டில் இந்தியாவில் வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் பொதுமுறையைத் தழுவி நிறுத்தப்பட்டன. பல இந்திய மொழிகளுக்கும் பொதுவான வரிசையாதலின், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் அமைந்தன.

எண்ணிக்கையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. கந்தன் என்னும் பெயரில் எழுத்து நான்கு என்பதைச் சிறுவரும் அறிவர். லென்("கந்தன்") என்று வினவினால் பைதன் 6 என்று விடை கூறும். க, ந, புள்ளி, த, ன, புள்ளி என்று அது பிரித்து எண்ணுகின்றது. மெய்யின்மேல் இடும் புள்ளியும் அதற்கு ஓர் உறுப்பே.

இதற்கு மருந்தும் பட்டியலே. உயிரும், மெய்யும், உயிர்மெய்க் குறிகளும், புள்ளியும் நாம் கொள்ளும் முறையில் நிற்கும் ஒரு பட்டியலை முதலில் எழுதுக; அதற்கு நெடுங்கணக்கு என்று பெயரிடுக. பின்னர், ஒரு சொல்லின் ஒவ்வோர் உறுப்பும் நெடுங்கணக்கில் எத்தனையாம் இடத்தில் நிற்கின்றதென்று பார்த்து, அவ்விலக்கங்களைப் பட்டியலாகத் தரும் சிறு செயற்கூறு ஒன்றை ஆக்கி, அதற்கு எழுத்தெண் என்று பெயரிடுக. அதன்பின்,

பெயர்கள்.சோர்ட்(கீ=எழுத்தெண்)

என்று பணித்தால், யந்திரம் ஒருங்குறியின் இலக்கத்தை விடுத்து நாம் தந்த இலக்கங்களைக் கொண்டு ஒழுங்குபடுத்தும். இரண்டு பட்டியல்களை ஒப்பிடுங்கால் பைதன் முதலாவதை முதலாவதோடும், அவை சமமாயின் இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிட்டுச் செல்லும். அகராதி பார்ப்போன் செய்வதும் இதுவேயன்றோ? கமலம் முன்னே வந்து நிற்கும். ஒழுங்கு என்பது யந்திரத்திற் பிறந்ததன்று. அதனைப் பணிப்போர் தருவதே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மாணவருக்கு ஒரு சொல்

இத்துறையிற் புகும் மாணவர் மேற்கூறியவற்றைப் படித்தலோடு அமையாது, ஒவ்வொன்றையும் யந்திரத்தில் இட்டுப் பார்த்தல் வேண்டும். நீச்சலைக் கரையில் நின்று கற்றல் இயலாது. இரண்டு பெயர், ஒரு பட்டியல் என்னும் இடம் விளங்காதாயின், கொப்பியில் இலாச்சிகளை வரைந்து, பெயர்களிலிருந்து அம்புக்குறியிட்டுப் பார்த்தால் மயக்கம் தீரும். ஒவ்வோர் ஆணைக்கும் எதிரே, மாற்றமா ஆக்கமா என்று ஒரு சொல் எழுதி வைத்தல் சிறந்த பயிற்சி. எழுத்தெண் என்னும் செயற்கூற்றைத் தாமே எழுதி முடிப்பாராயின், பட்டியலின் இயல்பு முழுவதும் கைவந்ததாகக் கொள்ளலாம். தம் வகுப்பின் இடாப்பையும் தமிழ் முறையில் ஒழுங்குபடுத்தித் தம் ஆசிரியருக்கு அளிக்கலாம்.

பட்டியலில் உள்ளவை இலக்கங்களும் எழுத்துகளும் என்று யந்திரம் கருதும். அவை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மாணவன், ஒரு குடும்பம், ஒரு நண்பன் நிற்பதை அறிந்தவர் அதனைப் பணிப்பவரே. ஆதலின், பணிக்குமுன் ஒருகணம் நின்று, “எதனை மாற்றுகின்றேன், எதனை ஆக்குகின்றேன்” என்று வினாவுதல் தொழிற்றிறம் மாத்திரமன்று; பிறர்க்குச் செய்யும் கடமையுமாம்.